கறுப்பு வெள்ளையில் இல்லாத நீலம்

1911-இல் செர்கெய் புரோகுதின்-கோர்ஸ்கி என்ற ரஷ்யப் புகைப்படக்காரர் புகாராவின் அமீரைப் படமெடுத்தார். அமீர் ஆலிம் கான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, இடுப்பில் பொன் பட்டை, கையில் வாள். உடம்பு முழுவதையும் மூடிய பட்டு அங்கி, அதில் பூக்கள். அங்கி நீலம். சும்மா நீலம் இல்லை, பார்த்ததும் கண்ணை இழுத்துப் பிடிக்கிற நீலம். இந்தப் படத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் யாரோ போன வாரம் கம்ப்யூட்டரில் வண்ணமேற்றியது என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் இதற்கு யாரும் வண்ணமேற்றவில்லை. கோர்ஸ்கி நீளமான ஒரு கண்ணாடித் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுப்பார். ஒன்று நீல வடிகட்டி வழியாக, அடுத்தது பச்சை, மூன்றாவது சிவப்பு. மூன்றையும் அந்தந்த நிற ஒளியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரையில் போட்டால் வண்ணப்படம் வந்துவிடும். ஜார் மன்னரின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்க அலைந்து இப்படி எடுத்தார். பிறகு நாட்டைவிட்டுப் போனார், பாரிஸில் இறந்தார். 1948-இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அவருடைய வாரிசுகளிடமிருந்து தகடுகளை வாங்கியது. அப்படி 1,902 தகடுகள் அங்கே இருக்கின்றன. அத்தனையையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள்.

வண்ணமேற்றும் மென்பொருள்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம், அந்த மூன்று படங்களையும் தனித்தனியாகப் பார்க்கலாம். நீல வடிகட்டிப் படத்தில் அமீரின் அங்கி வெளிறித் தெரியும். சிவப்பு வடிகட்டிப் படத்தில் அதே அங்கி இருண்டு கிடக்கும். பச்சையில் இரண்டுக்கும் நடுவில். ஒரே ஆள், ஒரே துணி, ஏறக்குறைய ஒரே நேரம். மூன்று வேறு சாம்பல்கள். இதில் எது அந்த அங்கியின் "உண்மையான" சாம்பல்? அப்படி ஒன்று கிடையாது. சாம்பல் என்பது நிறத்தை உள்ளே மடித்து வைத்திருக்கிற பெட்டி இல்லை, நாம் திறந்து எடுப்பதற்கு. இன்று வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் வழக்கமான சூத்திரம்கூட சிவப்பில் சுமார் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்து ஒற்றை எண்ணாகக் கூட்டிவிடுகிறது. மூன்று எண்கள் ஒன்றாகிவிட்டன. அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மூன்றையும் திரும்பக் கேட்பதுதான் வண்ணமேற்றுதல். கணக்குப்படி நடக்காத காரியம். நடப்பது ஊகம் மட்டும்தான்.

அப்படியானால் "எந்த டூல் பெஸ்ட்?" என்று குரூப்களில் கேட்கப்படும் கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரிடம் கேட்டு ஊகிக்கிறது?

முதலில் கை. கணினிக்கு முன்னாலேயே, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே, ஸ்டூடியோக்களில் புகைப்படத்துக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் யோகோஹாமா ஸ்டூடியோக்கள் இதற்கே பேர்போனவை. இந்தியாவில் ஜமீன்தார்களின் படங்கள்மேல் முகத்தை மட்டும் விட்டுவைத்து மீதியையெல்லாம் ஓவியமாகவே ஆக்கிவிடுவார்கள். இன்று அவை நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் தீட்டியவருக்கு ஒரு வசதி இருந்தது. வாடிக்கையாளர் எதிரிலேயே நின்றார், "சட்டை என்ன கலர்?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

கணினியில் இந்தக் கேள்வியை முதலில் நேர்மையாகக் கேட்ட முறைகளில் ஒன்று 2004-இல் வந்தது. லெவின், லிஷின்ஸ்கி, வைஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தது. நீங்கள் படத்தின்மேல் அங்கங்கே வண்ணக்கோடு கிழிக்கிறீர்கள்: கன்னத்தில் ஒரு கோடு, புல்லில் ஒரு கோடு, வானத்தில் ஒரு கோடு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே மாதிரி சாம்பலாக இருந்தால் நிறமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணினி அந்தக் கோட்டைப் பரப்புகிறது. என்ன நிறம் என்ற முடிவு முழுக்க மனிதனுடையது. வரம்பு தாண்டாமல் நிரப்புவது மட்டும் இயந்திரத்தின் வேலை. இதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த இன்னொரு முறையில் வேறொரு வண்ணப்படத்தை மாதிரியாகக் கொடுக்க வேண்டும்; அதிலிருந்து ஒத்த வெளிச்சமும் நெய்வும் உள்ள இடங்களைப் பார்த்து நிறத்தை எடுத்து ஒட்டும். மாதிரி சரியாக இருந்தால் பிழைத்தது. 2004-இல் வண்ணத்தில் மறுபடி வெளியான முகல்-ஏ-ஆஸம் நினைவிருக்கிறதா? 1960-இல் வந்தபோதே அதன் சில பகுதிகள் வண்ணத்தில் இருந்தன. ஷீஷ்மஹால் எப்படி மின்ன வேண்டும் என்பதற்குப் படத்துக்குள்ளேயே சாட்சி இருந்தது. 2010-இல் வண்ணமாகி வந்த தெலுங்கு மாயாபஜாருக்கு அந்தச் சாட்சி இல்லை. (எண்பதுகளில் டெட் டர்னர் ஹாலிவுட் பழைய படங்களை வண்ணமாக்கப் புறப்பட்டதும் இயக்குநர்கள் கொதித்ததும் தனிக்கதை. 'சிட்டிசன் கேன்' தப்பித்தது ஆர்சன் வெல்ஸ் போட்ட ஒப்பந்தத்தின் தயவில்.)

பிறகு 2016. ஒரே வருடத்தில் மூன்று குழுக்கள், மனிதன் ஒரு கோடுகூடக் கிழிக்கத் தேவையில்லாத முறைகளை வெளியிட்டன. அவற்றில் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் இசோலா, அலெக்சி எஃப்ரோஸ் செய்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இன்றைய ஆப்களின் குணத்தைப் புரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

லட்சக்கணக்கான வண்ணப்படங்களைச் சாம்பலாக்கி வலைப்பின்னலுக்குக் கொடுக்கிறார்கள்: "இது எந்த நிறமாக இருந்திருக்கும், சொல்." தப்பாகச் சொன்னால் தண்டனை, எவ்வளவு விலகியதோ அவ்வளவு. இங்கேதான் சிக்கல். ஒரு சேலை சிவப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம். சிவப்பு என்று சொல்லி அது பச்சையாகிவிட்டால் பெரிய அடி. பச்சை என்று சொன்னாலும் அதே ஆபத்து. அடி குறைய வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு மங்கின மண்பழுப்பு. மலிவான ஆப்களில் எல்லாமே தேநீரில் முக்கி எடுத்ததுபோல வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். இயந்திரத்துக்கு அழகுணர்ச்சி இல்லை என்பதால் அல்ல, அது பயந்துபோய் சராசரியைச் சொல்கிறது.

ஜாங் குழு இதை மாற்றியது. நிறங்களை 313 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டது. அரிதாக வரும் பளிச் நிறங்களுக்குக் கூடுதல் மதிப்பும் கொடுத்தது. படங்கள் திடீரென்று பளபளத்தன. அதைச் சோதித்த விதத்தையும் கவனிக்க வேண்டும். பார்வையாளர்களுக்கு அசல் வண்ணப்படத்தையும் இயந்திரம் தந்ததையும் காட்டி எது போலி என்று கேட்டார்கள். 32 விழுக்காடு முறை மக்கள் ஏமாந்தார்கள். அன்றைக்கு அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் ஏமாற்ற முடிகிறதா என்பதைத்தான் அந்தச் சோதனை அளந்தது. சேலை உண்மையில் என்ன நிறம் என்று அது கேட்கவே இல்லை. நம்பும்படியான ஒரு நிறத்தைத் தருவதே நோக்கம் என்று ஆய்வாளர்கள் மறைக்காமல்தான் எழுதினார்கள். "பழைய படத்தின் அசல் நிறத்தை மீட்டெடுங்கள்" என்பது பின்னால் ஆப் விற்பவர்கள் சேர்த்துக்கொண்ட வாக்கியம்.

2018-இல் ஜேசன் ஆன்டிக் வெளியிட்ட டிஓல்டிஃபை இந்த ஏமாற்றுக்கலையை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. இதில் இரண்டு வலைப்பின்னல்கள். ஒன்று வண்ணம் பூசும். மற்றொன்று பார்த்துவிட்டு "இது நிஜம் மாதிரி இல்லையே" என்று குறை சொல்லும். அந்த இரண்டாவதற்கு வைத்திருக்கும் பெயர் 'கிரிட்டிக்'. விமர்சகர்! ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கத் தெரிந்த விமர்சகர், அதுவும் "நிஜம் மாதிரி இருக்கா?" என்பதை மட்டும். (நமக்கும் அப்படிச் சிலரைத் தெரியும், விடுங்கள்.) டிஓல்டிஃபையில் 'ஆர்ட்டிஸ்டிக்', 'ஸ்டேபிள்' என்று இரண்டு மாதிரிகள் உண்டு. முதலாவது துணிச்சலாக நிறம் வைக்கும், சில சமயம் கை கால்களைச் சாம்பலாகவே விட்டுவிடும். இரண்டாவது அடக்கமானது, முகங்களுக்குப் பாதுகாப்பு. 2020-இல் மைஹெரிடேஜ் இதற்கு உரிமம் பெற்றுத் தன் தளத்தில் போட்ட பிறகுதான் உலகம் முழுக்கத் தாத்தா பாட்டிகள் வண்ணமானார்கள்.

இந்த விமர்சகர் எதைப் பார்த்து "நிஜம்" என்பதைக் கற்றுக்கொண்டார் என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்னவை பெரும்பாலும் சாய்ந்திருப்பது இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பின்மேல். அதில் 45 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்றும், இந்தியாவும் சீனாவும் சேர்த்தே சுமார் 3 விழுக்காடுதான் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்குப் புல்வெளி தெரியும், கோல்டன் ரிட்ரீவர் நாய் தெரியும். கண்டாங்கியின் கட்டம் தெரியாது. காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். ப்ளூ என்றே ஒரு நிறம் இருக்கிறது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில். அவருடைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இந்த ஆப்களிடம் கொடுத்தால், அந்த நீலத்துக்குப் போய்ச்சேர அவற்றிடம் எந்த வழியும் கிடையாது. பார்க்கிற நமக்கு இருக்கிறது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மயில்கழுத்து என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கிய ஊர் இது. மயில்கழுத்து என்பது ஒரே நிறம்கூட இல்லை. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக இருந்து, திரும்பும்போது மாறும் நிறம். 313 கட்டங்களில் எதில் போடுவது?

தோலின் விஷயம் இன்னும் கூர்மையானது. பாரதியைப் பாருங்கள். டிசம்பர் 11 ஆனால் டைம்லைன் முழுக்க வண்ணப் பாரதிகள். ஒன்றில் கோட்டு கறுப்பு, இன்னொன்றில் கருநீலம். ஒன்றில் ஆள் மாநிறம், மற்றொன்றில் ரோஜாக் கன்னம். அசல் படங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, அத்தனையும் கறுப்பு வெள்ளை. ரோஜாக் கன்னம் எங்கிருந்து வந்தது? பாரதியிடமிருந்து இல்லை, பயிற்சிப் படங்களிலிருந்து.

இதற்குக் கீழே இன்னும் ஆழமான ஒரு குழி இருக்கிறது. அது இயந்திரத்தின் தப்பு இல்லை, பழைய படச்சுருளின் குணம். 19-ஆம் நூற்றாண்டுத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. பின்னால் வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை அல்ல. இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டே கழுவலாம் என்ற வசதிக்காக ஸ்டூடியோக்கள் அதை ரொம்ப நாள் விடவில்லை. அந்தத் தகட்டில் சிவப்பு என்பது கறுப்பு. நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்களின் பொட்டு படத்தில் மை மாதிரி விழுந்திருப்பது அதனால்தான். உதடும் அப்படியே கறுக்கும். மென்பொருளோ இன்றைய வண்ணப்படங்களை அந்த 30, 59, 11 சூத்திரத்தில் சாம்பலாக்கிப் படித்தது. அது கற்ற சாம்பல் வேறு, ஸ்டூடியோவின் சாம்பல் வேறு. அதனால் பொட்டைக் கறுப்பாகவே விட்டுவிடும். முகத்தை அசலைவிடக் கருமையாகவும் சுருக்கம் விழுந்ததாகவும் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குழியை நேராகப் பார்த்தவர்கள் 'டைம்-டிராவல் ரீஃபோட்டோகிராஃபி' என்ற ஆய்வைச் செய்த குழு. ஆபிரகாம் லிங்கன் முகம் படங்களில் பாறைபோல வெடித்துத் தெரிகிறதே, அதில் ஒரு பங்கு லிங்கனுடையது, ஒரு பங்கு தகட்டுடையது என்றார்கள். தோலுக்குள் புகுந்து பரவி வெளியே வரும் ஒளி பெரும்பாலும் சிவப்பு. முகத்துக்கு மென்மை தருவது அதுதான். அதைப் பதியத் தெரியாத தகட்டில் சுருக்கமெல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அவர்கள் கண்ட தீர்வு? லிங்கனைப் போன்ற ஒரு நவீன முகத்தை இயந்திரத்தை விட்டு உருவாக்கி, அதைப் பழைய தகடு எப்படிப் பதிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அசலோடு பொருந்தும்வரை இழுத்துச் சரிசெய்வது. முடிவில் நாம் பார்க்கும் முகத்தின் ஒரு புள்ளிகூட லிங்கன் முன்னால் இருந்த தகட்டிலிருந்து வந்ததில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த முறைகளுக்கு நடுவே விழும் பெரிய கோடு இங்கேதான் இருக்கிறது. ஜாங், டிஓல்டிஃபை வகையறாக்கள் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்துக்கொண்டு, நிறத்தை மட்டும் ஊகிக்கின்றன. வெளிச்சம் பழைய படத்திலிருந்தே வருகிறது. நிறத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் கீழே தாத்தா அப்படியே இருப்பார். இப்போது சாட்பாட்களிடம் "இதைக் கலராக்கு" என்று சொன்னால் நடப்பது அதுவல்ல. அவை மொத்தப் படத்தையும் புதிதாக வரைகின்றன. கண்ணின் ஓரம் கொஞ்சம் நகரும், பல்வரிசை சீராகும், சட்டைப் பொத்தான் ஒன்று கூடும். பார்க்கிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் நிஜமாகத் தெரியும்! அழகில் முதலிடம் கொடுத்தால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஆவணம் என்ற கணக்கில் இது கடைசி.

முகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ஐ ஞாபகப்படுத்தலாம். கம்போடியாவில் க்மேர் ரூஜ் ஆட்சியின் எஸ்-21 சிறையில் கொல்லப்படுவதற்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்களை ஓர் அயர்லாந்துக் கலைஞர் வண்ணமாக்கினார். வைஸ் இதழ் அவற்றை வெளியிட்டது. அசலோடு ஒப்பிட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். சில முகங்களில் புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடியக் கலாச்சார அமைச்சகம் எதிர்ப்புத் தெரிவித்தது. வைஸ் கட்டுரையை நீக்கியது. அங்கே இயந்திரம் தானாக எதுவும் செய்யவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து செய்த வேலை. அதனால் கையால் செய்தால் நேர்மை, கணினி செய்தால் பொய் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

அதே கைவேலையின் மறுகோடியில் மரினா அமரால் இருக்கிறார். பிரேசில்காரர், ஃபோட்டோஷாப்பில் அடுக்கடுக்காக வண்ணம் வைப்பவர். ஆஷ்விட்ஸ் முகாமில் வில்ஹெல்ம் பிரசே எடுத்த படங்களில் ஒன்று செஸ்வாவா குவோகா என்ற போலந்துச் சிறுமியுடையது. 1943 மார்ச்சில் இறந்தபோது வயது 14. படம் எடுப்பதற்குச் சற்று முன் ஒரு பெண் காவலாளி அவளை அடித்ததாகப் பிரசே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமராலின் படத்தில் உதட்டுக் காயம் சிவப்பு. சட்டையில் தைத்த முக்கோணமும் சிவப்பு, அரசியல் கைதி என்பதற்கான அடையாளம். இந்த இரண்டு சிவப்பும் படத்தின் சாம்பலில் இல்லை. ஒன்று ஒரு மனிதரின் நினைவிலிருந்து வந்தது, மற்றொன்று முகாமின் விதிகளிலிருந்து. ஒரு ஆப்பிடம் கொடுத்தால் முக்கோணம் துணியின் நிறத்திலேயே கரைந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே தப்பு நிறம் என்றால் தப்பு வரலாறு.

எங்கள் ஆச்சியின் கல்யாணப் படத்தை இரண்டு ஆப்களில் போட்டேன், திருநெல்வேலி ஸ்டூடியோவில் எடுத்தது. ஒன்றில் சேலை ஊதாவும் பழுப்பும் கலந்த ஏதோ ஒன்று. இன்னொன்றில் பளிச்சென்று நீலம். நீலத்தைத்தான் ஆச்சியிடம் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு சேலல? நான் கட்டுனது அரக்குல்லா. பச்சக் கர" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு மயில்கழுத்துதான் ஆச. மைனி போயி அரக்கு எடுத்துட்டு வந்துட்டா. யாரு கேட்டா அன்னைக்கு?" அறுபது வருடம் அந்தப் படம் சுவரில் தொங்கியிருக்கிறது. இந்தக் கதையை வீட்டில் யாரும் கேட்டதில்லை. தப்பான நீலம் ஒன்று வந்ததால்தான் வெளியே வந்தது.

இதையே ஒரு முறையாக ஆக்கியிருக்கிறார்கள் ஜப்பானில். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிதெனோரி வதனாவேயும், ஹிரோஷிமாவில் பள்ளி மாணவியாக இருந்தபோதே அவரோடு சேர்ந்த அன்ஜு நிவாதாவும் செய்யும் வேலை அது. போருக்கு முந்தைய குடும்பப் படங்களை முதலில் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து ஒரு வண்ணம் வாங்குவார்கள். அதை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தில் உயிர்தப்பியவரிடம் போவார்கள். அவர் பார்ப்பார், இல்லை என்பார், பேசுவார். ஆவணங்களைப் புரட்டுவார்கள், கையால் திருத்துவார்கள், மறுபடி கொண்டுபோய்க் காட்டுவார்கள். திட்டத்தின் ஜப்பானியப் பெயருக்கு உறைந்த நினைவை இளக்குவது என்று பொருள். 2020-இல் புத்தகமாகவும் வந்தது. இதில் ஆப்பின் ஊகத்துக்கு உள்ள ஒரே பங்கு, யாராவது மறுக்க வேண்டும் என்பதற்காக முதலில் எதையாவது சொல்லி வைப்பது. நான் பார்த்தவரை வண்ணமேற்றும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை யாரும் கொடுத்ததில்லை.

பாரதியைப் பார்த்தவர் இனி யாரும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: செல்லம்மாவின் 'பாரதியார் சரித்திரம்', யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்', வ.ரா.வின் 'மகாகவி பாரதியார்'. அடுத்த டிசம்பருக்குள் யாராவது இவற்றை உட்கார்ந்து படித்து, உடையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் வரும் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொண்டு, சாட்சி இருக்கிற இடத்தில் மட்டும் வண்ணம் வைத்து ஒரு படம் செய்தால் எப்படி இருக்கும்? தலைப்பாகை தேறலாம், கோட்டு ஒருவேளை தேறலாம். செல்லம்மாவோடு எடுத்துக்கொண்ட படத்தில் அவர் சேலை சாம்பலாகவே நின்றுவிடலாம். லைக் அவ்வளவாக விழாது. எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.